டிலோரியன் டிஎம்சி-12: பெயின்ட் இல்லாத உடம்புக்கு மறுபடி தேய்ப்பு வரி போடுதல்

மார்ச் 3, திங்கள்

பட்டறைக்கு வந்திருப்பது டிலோரியன், ஸ்டெயின்லெஸ் உடம்புக் கார். வண்டி 1981 மாடல். வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் பக்கத்து டன்மரி தொழிற்சாலையில் கட்டியது. 1981, 1982 ஆகிய இரண்டு வருஷம்தான் உற்பத்தி நடந்தது. மொத்தம் சுமார் 9,000 வண்டி. கீழே ஃபைபர் கிளாஸ் உடம்பு, அதன் மேல் சுமார் 1 மி.மீ. கனத்தில் 304 ரக ஸ்டெயின்லெஸ் தகடு. பெயின்டும் கிடையாது, பெயின்டின் மேல் பூசும் நிறமற்ற கிளியர் கோட்டும் கிடையாது. முன்னும் பின்னும் இருக்கிற பம்பர் முகப்புகள் மட்டும் பிளாஸ்டிக்; தகட்டின் நிறத்துக்கு ஒத்துப்போகும்படி அவற்றுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இதை மறந்துவிட்டு முகப்பின் மேல் தேய்ப்பு நாரைப் போட்டால் பெயின்ட் உடனே போய்விடும்.

இந்த வண்டியில் இருக்கிற வேலை: இடது கதவில் குறுக்கே நீளமான கீறல், பின் ஃபெண்டர்களில் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடுகள்) ஆரஞ்சுப் புள்ளிகள், முன் வலது ஃபெண்டரில் நாணய அளவுக் குழி, பானட் முழுக்க வட்ட வட்டமான கீறல். யாரோ வட்டமாகச் சுற்றும் பாலிஷ் மெஷினைப் போட்டிருக்கிறார்கள்.

டிலோரியனின் மேற்பரப்பே கீறல்தான். ஒரே திசையில், ஒரே ஆழத்தில், நெருக்கமாக ஓடும் கோடுகளைத்தான் நாம் "வரி" என்கிறோம். பழுது என்பது அந்த வரிசைக்கு எதிராகப் போகும் கோடு. அதனால் இந்த வேலையில் பளபளப்பு ஏற்றக் கூடாது, கோட்டை ஒழுங்குபடுத்த வேண்டும். இது பிடிபடாமல் மெட்டல் பாலிஷை வாங்கித் தேய்ப்பவர்கள் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு திட்டை உண்டாக்கிவிடுவார்கள். அதை எடுக்க முழுத் தகட்டுக்கும் வரி போட வேண்டிவரும்.

இன்று கழுவுவது மட்டும். இரண்டு வாளி, பிஎச் 7 ஒட்டிய (அமிலமும் காரமும் இல்லாத) ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி. துணி வரியின் திசையில் மட்டும் போக வேண்டும். துடைத்துக் காய்ந்ததும் டார்ச்சைத் தகட்டை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், முதலில் கீறல் என்று நினைத்ததில் கணிசமானது அழுக்கும் உப்புநீர்க் கறையும்தான் என்று தெரியும். மிச்சம் இருப்பதன் பக்கத்தில் மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டி அடையாளம். மார்க்கர் வேண்டாம்.

மார்ச் 4, செவ்வாய்

ஆரஞ்சுப் புள்ளிகள். "ஸ்டெயின்லெஸ்ஸே துருப்பிடிக்குதே" என்று பதறுவதற்கு முன் புள்ளியை லென்ஸில் பார்க்க வேண்டும். நடுவில் கருப்பாக ஒரு துகள், சுற்றிலும் ஆரஞ்சு வளையம் என்றால் துரு பிடித்தது வெளியிலிருந்து வந்த இரும்புத்தூள்: பிரேக் டிஸ்க் தூள், ரயில் பாதைத் தூள், பக்கத்தில் யாரோ கிரைண்டர் போட்ட பொறி. இரும்பு நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் குடம் மறுநாள் புள்ளி விடுவதும் இதே கணக்குதான்.

304இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். காற்றுப் பட்டதும் குரோமியம் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலமாகி மூடிக்கொள்ளும். தகட்டைக் காப்பது அதுதான். அதை உடைப்பது உப்பில் இருக்கிற குளோரைடு. துருத் துகளுக்கு அடியில் உப்புநீர் தேங்கி நின்றால் படலம் ஓட்டையாகி ஊசி முனை அளவு குழி விழும். துகளை எடுத்துவிடலாம், குழியை எடுக்க முடியாது. அவசரம் என்றால் இந்த வேலைக்குத்தான் அவசரம்.

முதலில் இரும்புத்தூள் நீக்கும் ஸ்பிரே. அடித்தால் புள்ளி ஊதாவாகி வழியும். அழுகிய முட்டை நாற்றம் வரும், அது மருந்தின் குணம். 3 முதல் 5 நிமிஷம் வைக்கலாம், காய விடக் கூடாது. கழுவிய பிறகும் நிற்கிற கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த துப்புரவுப் பொடி (பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட் மாதிரி). நீரில் குழைத்து ஈரத்துணியில் எடுத்து வரியின் திசையில் தேய்த்து, ஒரு நிமிஷத்துக்குள் கழுவிவிட வேண்டும். இந்தப் பொடியில் மெல்லிய அரைப்புத் துகளும் உண்டு. வட்டமாகத் தேய்த்தால் வட்டம் விழும். கையுறை கட்டாயம்.

இதே மாதிரி ஸ்டெயின்லெஸ் உடம்புள்ள டெஸ்லா சைபர்டிரக் வாங்கியவர்கள் 2024 தொடக்கத்தில் ஆரஞ்சுப் புள்ளிப் படங்களைப் போட்டுப் பெரிய சத்தமானதே, அதுவும் பெரும்பாலும் இந்தக் கதைதான். அதன் கையேடே பறவை எச்சம், பிசின், செத்த பூச்சி, சாலை உப்பு (குளிர்நாடுகளில் பனி உருகத் தூவுவது) எல்லாவற்றையும் உடனே துடைக்கச் சொல்கிறது. டிலோரியனுக்கும் அதைவிட நல்ல அறிவுரை கிடையாது.

மார்ச் 6, வியாழன்

ஃபெண்டர் குழி. சாதாரண வண்டி என்றால் டிங்கர் தட்டி, பட்டி பூசி, தேய்த்து, பெயின்டில் மறைத்துவிடுவார். இங்கே பட்டிக்கு இடமே இல்லை. உலோகத்தை உலோகமாகவே சமமாக்க வேண்டும்.

304 தட்டத் தட்ட இறுகும். சாதா எஃகைத் தட்டுகிற கணக்கில் இருபது அடி அடித்தால், அடி விழுந்த இடம் கடினமாகிச் சுற்றியுள்ள தகட்டோடு ஒத்துப்போகாது. தகடு நீண்டும் போகும். நீண்ட தகடு விரலால் அமுக்கினால் "டப்" என்று உள்ளே போய் வெளியே வரும். அதற்கு நல்ல தீர்வு இல்லை. வெப்பம் கொடுத்துச் சுருக்கலாமே என்றால், ஸ்டெயின்லெஸ் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், விரிவதோ சாதா எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சூடு ஒரே இடத்தில் நின்று தகடு முறுக்கிக்கொள்ளும். மேலே வைக்கோல் நிறம், பிறகு நீலம் ஏறும். அந்த நிறத்துக்குக் கீழே குரோமியம் குறைந்த அடுக்கு உண்டாகி, பின்னால் துரு அங்கிருந்தே தொடங்கும்.

அதனால் ஃபெண்டரைக் கழற்றி, பின்புறமிருந்து முனை உருண்டையான கம்பியால் சிறிது சிறிதாக நெம்புவது. குழியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் போக வேண்டும். நடுவில் முதலில் குத்தினால் முலை மாதிரி எழும்பி நிற்கும். மேலே எழுந்த இடத்தைத் தட்ட நைலான் சுத்தி. பின்னால் தாங்கிப் பிடிக்கிற கனமான உலோகக் கட்டியான டாலியின் முகம் துருவில்லாமல், இரண்டு சுற்று டேப் ஒட்டி இருக்க வேண்டும். இரும்பு டாலி நேராகப் பட்டால் இரும்புத்தூளை நாமே பதித்த மாதிரி.

கடைசி கால் மில்லிமீட்டரை விட்டுவிட்டோம். வரி போட்ட பரப்பில் ஒளி சிதறுவதால் அது கண்ணில் படாது. அதைத் துரத்திக்கொண்டு போனால் தகடு நீளும்.

ஒரு சின்ன விஷயம்: 304இல் பொதுவாகக் காந்தம் ஒட்டாது, ஆனால் மடிப்பு ஓரங்களில் லேசாக ஒட்டும். "304 இல்லை, மட்ட ரகம்" என்று முடிவு கட்ட வேண்டாம். அச்சில் அழுத்தி மடித்த இடத்தில் உள்ளமைப்பு மாறி காந்தம் பிடிப்பது 304இன் இயல்பு.

மார்ச் 7, வெள்ளி

இன்று இடது கதவு. வேலையின் உயிரே இதுதான், அதனால் விரிவாக.

தேவை: 180, 120 எண் அலுமினியம் ஆக்சைடு உப்புத்தாள் (எண் குறைந்தால் முரடு); மரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் தேய்ப்பு நார் (7447) நான்கைந்து; 10 செ.மீ. அகலத் தட்டையான கட்டை, அடியில் மெல்லிய ரப்பர், நேர்ச்சட்டம், ஐசோபுரொப்பில் ஆல்கஹால், அகலமான மாஸ்கிங் டேப், தூசி முகமூடி (தூளில் குரோமியமும் நிக்கலும் இருக்கும்). எல்லாம் புதிதாக இருக்கட்டும். சாதா எஃகில் ஒரு தடவை தொட்ட நார் இந்த வண்டியின் பக்கமே வரக் கூடாது. இரும்பு நார், இரும்புக் கம்பி பிரஷ் இரண்டும் பட்டறையிலேயே இல்லாவிட்டால் நிம்மதி.

முதலில் வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து டேப்பில் அம்புக்குறி. ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அனுமானம் கூடாது. பிறகு கண்ணாடி, கதவின் நடுவே ஓடும் ரப்பர் பட்டி, பக்கத்துத் தகடுகளின் ஓரம் எல்லாவற்றுக்கும் டேப் இரண்டு அடுக்கு. தகட்டில் கூரான மடிப்புக்கோடு இருந்தால் அதன் முகட்டிலும் டேப். கட்டை முகட்டில் ஏறி இறங்கினால் கோடு மழுங்கிவிடும்.

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்க்கிறோம். நகம் சிக்காவிட்டால் உப்புத்தாளே வேண்டாம், நேராக மரூன் நார். சிக்கினால் 180. அதற்கும் அசையாவிட்டால் 120இல் தொடங்கி 180க்கு வர வேண்டும். இந்தக் கீறல் சிக்கியது, 180 போதும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம்: கீறல் இருக்கிற இரண்டு அங்குலத்தை மட்டும் தேய்ப்பது. அங்கே பள்ளம் விழும். சாயங்கால வெளிச்சத்தில் அலை மாதிரி தெரியும். வரி நேர்கோடு என்பதால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கீறல் கடந்து போகிற பட்டையை மட்டும் தகட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை முழு நீளத்துக்குத் தேய்த்துவிட்டால், நீளவாக்கில் ஒட்டு தெரியாது. பக்கவாட்டில் மட்டும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய்க் கலக்க வேண்டும். கதவில் ரப்பர் பட்டியே ஒரு எல்லை, அதுவரை போய் நின்றால் போதும்.

கை ஓட்டம்: ஒரே திசை. போய்த் திரும்பி வருவது கிடையாது. ஓரத்துக்கு வெளியிலிருந்தே கை நகரத் தொடங்கி, மறு ஓரத்தைத் தாண்டிய பிறகுதான் தூக்க வேண்டும். தகட்டின் மேலேயே நிறுத்தித் தூக்கினால், மணிக்கட்டு திரும்பி ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் மீன் தூண்டில் மாதிரி வளைவு விழும். பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் அந்த வளைவுகள் மேகமாகத் தெரியும். முதல் சில ஓட்டத்துக்கு நேர்ச்சட்டத்தை டேப்பில் ஒட்டி அதை உரசிக்கொண்டே போவது நல்லது. நாரை விரலால் அழுத்தக் கூடாது. நான்கு விரலுக்கு நான்கு பள்ளக்கோடு வரும். கட்டையில் சுற்றித்தான்.

புது மரூன் நார் கொஞ்சம் முரடு. தேவையற்ற ஸ்டெயின்லெஸ் துண்டில் முப்பது நாற்பது ஓட்டம் ஓட்டிப் பழக்கிய பிறகு தகட்டில் வைத்தால் பழைய வரியோடு ஒத்துப்போகும். அடைத்துக்கொண்ட நார் வெட்டாமல் பளபளப்பு ஏற்றும். அதனால் பக்கத்தை அடிக்கடி மாற்றணும். ஈரமாகத் தேய்த்தால் கோடு மென்மையாகும், உலர்வாகத் தேய்த்தால் கூர்மையாக இருக்கும். தொழிற்சாலை வரிக்கு உலர்வுதான் கிட்டே வருகிறது.

ஒவ்வொரு பத்து ஓட்டத்துக்கும் ஆல்கஹாலில் துடைத்து, கதவின் இரு முனையிலிருந்தும் பார்க்க வேண்டும். ஒரு பக்கமிருந்து சரியாக இருப்பது மறுபக்கமிருந்து கருமையாகத் தெரியும். டியூப் லைட்டை நம்ப முடியாது. கடைசித் தீர்ப்பு வெளியில், நிழலில்.

மார்ச் 10, திங்கள்

பானட். வட்டக் கீறல் முழுப் பரப்பிலும் இருப்பதால் பட்டை பட்டையாகச் செய்வதில் பயனில்லை. உப்புத்தாளும் நாரும் மாறி மாறி அடுக்கிய உருளையைச் சாட்டின் மெஷினில் (உருளையைச் சுழற்றி நேர் வரி போடுவது) மாட்டி ஓட்டினோம். வேகம் குறைவாக, தகடு கையில் சுடாத அளவுக்கு. சுட்டால் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய பட்டையில் பாதி மேலேறினால் பட்டை பட்டையாகத் தெரியாது. மெஷின் வரி கொஞ்சம் சீராகவே இருக்கும், அதுவும் ஒரு குறைதான். கடைசியில் கையால் மரூன் நார் ஒரு சுற்று ஓட்டினால்தான் பக்கத்து ஃபெண்டர்களோடு சேரும்.

மார்ச் 11, செவ்வாய்

சிட்ரிக் அமிலக் குளியல். புதிதாகத் தேய்த்த பரப்பு காற்றிலேயே படலத்தைக் கட்டிக்கொள்ளும். அமிலத்தின் வேலை ஒட்டியிருக்கிற இரும்பைக் கரைப்பது. நல்ல நாரால் செய்த வேலைக்கு இது கட்டாயமில்லை. உப்பு போடும் சாலையில் ஓடப்போகிற வண்டி என்றால் செய்துவிடுவது நல்லது.

ஸ்டெயின்லெஸ்ஸுக்கான இந்த அமில வேலைக்கு உள்ள ஏஎஸ்டிஎம் ஏ967 தரப்படி 4 முதல் 10 சதவீதக் கரைசல். 21 முதல் 49 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 20 நிமிஷம். லிட்டருக்கு 50 கிராம் கலந்தோம். நிற்கிற தகட்டில் கரைசல் வழிந்துவிடும் என்பதால், வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து ஒட்டி, காயாமல் ஸ்பிரே அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டறை குளிர்ந்திருந்தால் 20 நிமிஷக் கணக்கு செல்லாது. அலுமினியம், துத்தநாகப் பாகங்களில் படக் கூடாது. நிறையத் தண்ணீர், கடைசியில் டிஸ்டில்டு வாட்டர்.

சோதனைக்கு: 250 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், 1 மி.லி. கந்தக அமிலம், 4 கிராம் காப்பர் சல்ஃபேட். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கதவின் உள்மடிப்பில் பூசி 6 நிமிஷம் ஈரமாக வைத்தோம். செம்பு நிறம் படிந்தால் இரும்பு மிச்சம் இருக்கிறது. படியவில்லை. வெளித் தகட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம், கறையை எடுப்பது இன்னொரு வேலை.

மார்ச் 14, வெள்ளி

ஃபெண்டரைத் திரும்ப மாட்டியாயிற்று. பழைய இரும்பு போல்ட்டுகளிலிருந்து ஒழுகிய துருதான் உள் ஓரத்துக் கறைக்குக் காரணம். ஏ2 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், நைலான் வாஷர் போட்டிருக்கிறோம். திருகும்போது கவ்விக்கொண்டு உடையாமலிருக்க மரையில் ஆன்டி-சீஸ் கிரீஸ் ஒரு தொட்டு.

இனி வண்டிக்காரர் பார்க்க வேண்டியது: குளிர்காலத்தில் உப்புச் சாலையில் ஓடினால் அன்றன்றே வெறும் தண்ணீர், முக்கியமாகக் கதவின் கீழ்மடிப்பும் அதன் வடிகால் துளையும். ஈரத்தோடு உறை போடக் கூடாது. கடினத் தண்ணீர் காய்ந்து விடும் சுண்ணாம்புக் கறைக்குப் பாதிக்குப் பாதி வெள்ளை வினிகர், பிறகு கழுவல். கைரேகைக்கு ஆல்கஹால். ரேகை கண்ணை உறுத்தினால் துணியில் சில சொட்டு மினரல் ஆயில் தொட்டு முழுத் தகட்டையும் ஒரே மாதிரி துடைக்கலாம்; திட்டாகப் பூசினால் திட்டாகத்தான் தெரியும். ப்ளீச், டைல்ஸ் கழுவும் அமிலம், வீலுக்கான அமிலக் கிளீனர் மூன்றும் வண்டி நிற்கிற இடத்திலேயே வேண்டாம். செராமிக் கோட்டிங் கேட்டார், வேண்டாம் என்றோம். அடுத்த கீறலை எடுக்க முதலில் அந்தப் பூச்சை முழுக்க எடுக்க வேண்டியிருக்கும்.

பாதி தேய்ந்த மரூன் நார் ஒன்றும் அதே கட்டையும் பிளாஸ்டிக் பையில் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறோம். இந்தத் தகடுகளைத் தவிர வேறெதற்கும் அதைத் தொடக் கூடாது என்று பையின் மேல் எழுதியிருக்கிறது.