பிரம்பானானில் அகத்தியர் தரிசனம்

பினாங்கிலிருந்து ஜாவா போகும் நம்ம ஆட்கள் பலர் போரோபுதூர் பௌத்தக் கோயிலைப் பார்த்துவிட்டு, பிரம்பானானில் சாயங்கால வெளிச்சத்தில் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை. 9ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில் அது, உள்ளே சாமி இருக்கிறார், ஏறிப் போய்க் கும்பிட வேண்டாமா?

நானும் அம்மாவும் சித்தியும் கோலாலம்பூரில் விமானம் மாறி யோக்யகர்த்தா போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து கோயில் சுமார் 17 கிலோமீட்டர். மலாய் தெரிந்தால் பேச்சுக்குச் சிரமமே இல்லை. காலையிலேயே போய்விடுங்கள், எரிமலைக் கல் வெயிலில் காய்ந்துவிட்டால் நிற்க முடியாது, அம்மா வேறு படிக்கட்டு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

நடுவில் 47 மீட்டர் உயரத்தில் சிவன் கோயில், தெற்கே பிரம்மா, வடக்கே விஷ்ணு, சிவனுக்கு எதிரே தனிக் கோயிலில் நந்தி. பல நூற்றாண்டு இடிந்து கிடந்து, 1918இல் தொடங்கிய வேலை நீண்டு, சிவன் கோயில் முழுசாக எழுந்தது 1953இல்தான். சுற்றுச்சுவரின் உள்பக்கம் ராமாயணம் செதுக்கியிருக்கிறார்கள். கிழக்குப் படியில் ஏறி இடப்பக்கமாக, நாம் பிரதட்சிணம் வருகிற மாதிரியே நடந்தால் கதை வரிசையாக வரும். வானரங்கள் பாலம் கட்டும் இடத்தில் சித்தி நகரவே இல்லை. மீதிக் கதை பிரம்மா கோயிலில் இருக்கிறது.

சிவன் கோயிலுக்குள் திசைக்கு ஒன்றாக நான்கு அறைகள். கிழக்கே மகாதேவர், மேற்கே பிள்ளையார். வடக்கே எருமை மேல் நிற்கும் எட்டுக் கைத் துர்க்கை. நம்ம ஊர்ச் சிவன் கோயிலிலும் வடக்குச் சுவரில் துர்க்கைதானே! ஊர்க்காரர்கள் அவளை லோரோ ஜோங்ராங் என்று, கல்லாகிப்போன இளவரசியாகச் சொல்கிறார்கள். அம்மா அந்தக் கதையையும் கேட்டுக்கொண்டார், அப்புறம் பினாங்கு குயின் ஸ்ட்ரீட் மாரியம்மனைக் கும்பிடுவது போலவே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தெற்கு அறையில்தான் என் கண் கலங்கிவிட்டது. உள்ளே நல்ல இருட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் முதலில் தாடி தெரிந்தது, அப்புறம் தொந்தி, பக்கத்தில் சூலம். அகத்தியர்! பூமியைச் சமன்செய்யத் தெற்கே போ என்று சிவன் அனுப்பிய கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம், பொதிகையோடு அது முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே கடல் தாண்டி, தெற்கு பார்த்து, நம் கோயில்களில் தட்சிணாமூர்த்தி இருக்கிற அதே திசையில் குருவாக நிற்கிறார். நாங்கள் போனபோது பூசாரியும் இல்லை, விளக்கும் இல்லை. அம்மா மெதுவாகத் தேவாரம் பாட ஆரம்பித்தார், வாசலில் நின்ற ஜாவாக்காரக் குடும்பம் ஒன்று முடியும்வரை பொறுமையாக வழிவிட்டு நின்றது. அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

2022இல் இந்தோனேசிய அரசு இதை உலக இந்துக்களின் வழிபாட்டுத் தலமாகவும் ஏற்றுக்கொண்டது. இந்தோனேசிய இந்துக்களின் புத்தாண்டு மௌன நாளான நியேபிக்கு முந்தைய நாள் இங்கே தாவூர் என்ற சுத்திகரிப்புச் சடங்கு பெரிதாக நடக்கும். சித்தி அதற்கு வந்தே ஆகவேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார், பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுக்கிற நம்ம கூட்டத்தில் யார் யார் வருவார்கள் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறோம்.