பிசிறு எந்தப் பக்கம் ஓடுகிறது?

தூரிகையில் மை நிறைய இருந்தால் கோடு வழவழப்பாக விழும். மை குறைந்து, கையும் வேகமெடுத்தால் தூரிகையின் மயிர்கள் பிரிந்து கோட்டுக்குள்ளே கீறல் கீறலாகக் காகிதம் தெரியும். இதுதான் பிசிறு. பிசிறுள்ள தூரிகை எழுத்துருவின் அழகெல்லாம் இதில்தான். அதனால் வாங்கும் முன் ஓரிரு எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு தொடங்குமிடம் அடர்த்தியாகவும் முடியுமிடம் வறண்டும் இருந்து, வளைவில் கீறல்களும் கூடவே வளைந்தால், அது தூரிகையில் பிறந்த எழுத்து. எல்லா எழுத்திலும் ஒரே மாதிரி பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால், வழவழப்பான எழுத்தின் மேல் பழைய சுவரின் படத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். ராபர்ட் ஸ்மித் 1942-ல் வரைந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்' எழுத்துருவில் இந்தக் கீறல்கள் கிடையாது. ஆனால் போலிப் பிசிறுக்கு அந்தச் சுத்தமான விளிம்பே மேல்.

அடுத்த சோதனை: ஆங்கிலத்தில் 'பலூன்' என்று தட்டுங்கள். இரண்டு 'எல்', இரண்டு 'ஓ'. இரண்டு 'எல்'லிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் கையெழுத்து என்ற மயக்கம் அங்கேயே கலைந்துவிடும். நல்ல எழுத்துருவில் ஒவ்வொரு சிற்றெழுத்துக்கும் இரண்டு மூன்று வடிவங்கள் இருக்கும். பக்கத்து எழுத்தைப் பார்த்துத் தானாக மாறும். 'கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ்' என்ற வசதியை இயக்கினால்தான் இது நடக்கும். வேர்டில் அதை நாமேதான் இயக்க வேண்டும். பலர் இது தெரியாமல் எழுத்துருவைத் திட்டுகிறார்கள்.

எழுத்து இடைவெளியைத் தொடவே வேண்டாம், பூஜ்யத்திலேயே இருக்கட்டும். கொஞ்சம் கூட்டினாலும் எழுத்துகளைக் கோக்கும் வால்கள் அறுந்துவிடும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் கெர்னிங் (அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளின் இடைவெளியைச் சரிசெய்வது) 'ஆப்டிகல்' என்றிருந்தாலும் இதே கதி, 'ஆட்டோ' என்று மாற்றுங்கள். முழுக்கப் பேரெழுத்தில் அடிப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடிக்காதீர்கள்.

இது தலைப்புக்கும் லோகோவுக்கும் சுவரொட்டிக்கும் உரிய எழுத்து, அதிகம் போனால் நாலைந்து சொல். 36 பாயிண்டுக்குக் கீழே போனால் கீறல்கள் அழுக்காகத் தெரியும். கீழே வரும் விவரங்களுக்கு அலங்காரமில்லாத எழுத்துரு ஒன்றைத் துணைக்கு வையுங்கள். இரண்டுமே கைவீச்சு எழுத்தாக இருந்தால் ஒன்றோடொன்று சண்டை போடும்.

தொல்லை பெரும்பாலும் அச்சில்தான் வரும். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் மெல்லிய இடைவெளிகளில் மை புகுந்து அடைத்துவிடும். துணிக்குப் போகும் முன் அசல் அளவில் ஒரு தாளில் எடுத்து, கைநீளத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். வினைல் ஒட்டுத்தாளில் எழுத்தைக் கத்தியால் வெட்டியெடுக்கும் வேலைக்குப் பிசிறெழுத்து ஆகவே ஆகாது. ஒவ்வொரு துணுக்கையும் கத்தி சுற்றிவர வேண்டும், அப்புறம் பின்தாளை உரிக்கையில் பாதித் துணுக்குகள் கூடவே வந்துவிடும். பல எழுத்துருக்களோடு பிசிறில்லாத பதிப்பும் வரும், அதை அனுப்புங்கள்.

எழுத்தைச் சுற்றி 'ஸ்ட்ரோக்' (வெளிக்கோடு) போடுவது இன்னொரு வழக்கமான தவறு. கோடு கீறல்களுக்குள்ளும் ஓடி எல்லாவற்றையும் அடைத்துவிடும்.

தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: புள்ளி. வறண்ட தூரிகையில் அது தேய்ந்தால் 'பல்' 'பல' ஆகிவிடும். அழகுக்காகத் தெறித்த மைத்துளி 'ல'வின் தலைமேல் விழுந்தால் 'பல' 'பல்' ஆகிவிடும். புள்ளியை மட்டும் மை நிறைந்த தூரிகையால் அழுத்தி வைத்து, எழுத்துக்கு மேலே விழுந்த தெறிப்புகளை அழித்துவிட வேண்டும்.