தரவை வைத்து வாதாடவில்லை

"இந்தப் பதிலில் நாங்கள் தரவை வைத்து வாதாடவில்லை." ஒரு டாக்டரின் கண்டுபிடிப்புக்காக நான் எழுதிய அமெரிக்கக் காப்புரிமை விண்ணப்பத்தைப் பரிசீலித்த எக்ஸாமினரிடம் போனில் நான் சொன்னது இவ்வளவுதான். இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வளர்ச்சி ஹார்மோன், டிஹெச்இஏ, மெலடோனின் என்ற மூன்று ஹார்மோன்களும் வயது ஏற ஏறக் குறைகின்றன. முதுமையைத் தள்ளிப்போட ஒவ்வொன்றையும் தனியாகக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது; மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதுதான் எங்கள் விண்ணப்பம். 61 முதல் 81 வயதுவரையான 12 ஆண்களுக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் போட்ட ஆய்வு 1990-லேயே வந்துவிட்டது. "மூன்றையும் சேர்த்ததில் கூடுதலாக என்ன கிடைத்தது? ஒப்பீட்டுத் தரவு ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது. டாக்டர் அனுப்பிய எக்செல் ஷீட். கடைசிப் பத்திக்கு மட்டும் மஞ்சள் அடித்து, "பாருங்கள், மூன்றுமே வேலை செய்கின்றன" என்று பெருமையாக எழுதியிருந்தார். கூட்டிப் பார்த்தேன். தனித்தனிப் பலன்களின் மொத்தம் எதுவோ அதேதான் சேர்த்துக் கொடுத்தபோதும் வந்திருந்தது. நோயாளிக்கு நல்ல செய்தி, எனக்குக் கெட்ட செய்தி. யாருக்கும் தோன்றக்கூடியதற்குக் காப்புரிமை கிடையாது. ஒரே வேலைக்கு என்று தெரிந்த இரண்டைச் சேர்ப்பது யாருக்கும் தோன்றக்கூடியதே என்று 1980-லேயே, சலவைத்தூள் கலவை பற்றிய வழக்கில், அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்றும் சேர்ந்து நாலாகியிருந்தால் பேச்சே வேறு.

அதனால் வேறு வழியில் போனேன். மருத்துவர்கள் ஹார்மோன்களைச் சேர்க்கவே பயந்தார்கள் என்பது என் வாதம். ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வை மார்பகப் புற்றுநோய் அபாயம் காரணமாக 2002-ல் நிறுத்தினார்களே, அதைக் காட்டினேன். நம் வாதத்துக்கு முரணானது கையில் இருந்தால் மறைக்கக்கூடாது என்கிறது காப்புரிமை அலுவலகத்தின் விதி 56. சேர்த்தால் கூடுதல் பலன் என்று நான் வாய் திறக்கவில்லை, எனவே முரணும் இல்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், பகலில்.

எக்ஸாமினர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எங்கள் ஸ்பெசிபிகேஷனிலிருந்தே, அதாவது விண்ணப்பத்தில் உள்ள கண்டுபிடிப்பு விளக்கத்திலிருந்தே, படித்தார்: "சாதாரண மருத்துவரே ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவுகளைச் சரிசெய்துகொள்ளலாம்." படித்துவிட்டு, "பயந்தவர்கள் இவர்கள்தானா?" என்றார்.

அது நான் எழுதிய வரி. அதைப் போடாமல் விட்டால், செய்முறை விளக்கம் போதவில்லை என்று வேறு பக்கத்திலிருந்து அடி விழும். எளிது என்று ஒரு பக்கம், யாருக்கும் தோன்றாது என்று மறுபக்கம். இரண்டையும் ஒரே கையால் எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. இவற்றைச் சேர்க்கச் சொன்ன தூண்டுதல் பழைய ஆய்வுகளில் எங்கே என்று கறாராகக் கேட்டு ஒருகாலத்தில் தப்பியிருக்கலாம். 2007-ல் ஆக்சிலரேட்டர் பெடல் வழக்குத் தீர்ப்பு வந்த பிறகு பொது அறிவே போதும் என்றாகிவிட்டது.

ஷீட்டைக் கொடுத்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும். அப்படியானால் மறைத்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டமில்லாத இடத்திலேயே ஏன் மறைத்தேன் என்பதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்டிருந்தால் "இருக்கிறது" என்றிருப்பேனா? கேட்கவில்லை.

இறுதி நிராகரிப்பு வந்ததும் டாக்டர் விண்ணப்பத்தைக் கைவிட்டார். கடைசி மெயிலில் ஒன்று கேட்டிருந்தார்: "அந்த மஞ்சள் ஷீட்டை அவர்களுக்குக் காட்டினீர்கள்தானே?"

"அதற்குத் தேவை வரவில்லை, டாக்டர்" என்று எழுதி அனுப்பினேன்.