நடு உறுப்பைப் பிரிப்பதற்கு முன்னால்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். காரணிப்படுத்துதலை, அதாவது ஒரு கோவையை இரண்டு அடைப்புக்குறிகளின் பெருக்கலாகப் பிரித்து எழுதுவதை, ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்துவிடுவதால் வழிமுறை எல்லோருக்கும் மனப்பாடம். 6 எக்ஸ் ஸ்கொயர் + 7 எக்ஸ் − 20 என்று போர்டில் எழுதினால் போதும், பெருக்கினால் −120, கூட்டினால் 7 என்று சொல்லிக்கொண்டே குறுக்குக் கோடு போட்டு 15, −8 என்று எழுதிவிடுவார்கள். சரி, 6-ஐயும் −20-ஐயும் எதற்குப் பெருக்குகிறோம் என்று கேட்டால், “அதான் சார் மெத்தட்” என்பார்கள்.

அந்தப் பதிலோடு நான் அடுத்த கணக்குக்குப் போவதில்லை. காரணிப்படுத்துவதை நிறுத்திவிட்டு (2 எக்ஸ் + 5)(3 எக்ஸ் − 4) என்பதைப் பெருக்கச் சொல்வேன். நடுவில் −8 எக்ஸ், 15 எக்ஸ் என்று இரண்டு வரும், அவற்றைக் கூட்டக் கூடாது, அப்படியே இருக்கட்டும், முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. −8 எங்கிருந்து வந்தது? 2-ஐ −4-ஆல் பெருக்கியதால். 15? 5-ஐ 3-ஆல் பெருக்கியதால். ஆக அந்த இரண்டையும் பெருக்கினால் உள்ளே இருப்பவை 2, −4, 5, 3. முதல் உறுப்பின் 6-க்குள் 2-உம் 3-உம், கடைசி −20-க்குள் 5-உம் −4-உம். அதே நான்கு எண்கள், ஜோடிதான் மாறியிருக்கிறது, எப்படிப் பெருக்கினாலும் −120 வந்தே தீரும். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, “அப்போ 7 எக்ஸ் ஏற்கெனவே கூட்டி வச்சது, நாம திரும்பப் பிரிக்கிறோம், அவ்ளோதானே சார்?” என்று கேட்டாள். அவ்வளவேதான். அதற்கப்புறம் அவளுக்கு நான் அந்தப் பாடத்தில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புதுச்சேரியின் பாகூர் பக்கத்துப் பிள்ளைகள் சிபிஎஸ்இ புத்தகம் கொண்டுவருகிறார்கள், நம் பிள்ளைகளிடம் சமச்சீர். இந்த இடத்தில் இரண்டும் ஒன்றுதான்.

என்னை வருத்தும் விஷயம் வேறொன்று. அதே கோவையில் −20-க்குப் பதில் −12 போட்டால் 72-இன் ஜோடிகளை, 8-9, 6-12, 4-18 என்று தேடிக்கொண்டே போவார்கள், வித்தியாசம் 7 வரவே வராது. இல்லாததைத் தேடுகிறோம் என்று தெரியாமல், தனக்குக் கணக்கு வராது என்று பிள்ளை பேனாவை வைத்துவிடும். அதனால் தன்மைகாட்டியை, அதாவது நடு எண்ணின் வர்க்கத்திலிருந்து முதல், கடைசி எண்களின் பெருக்கலை நான்கு மடங்காக்கிக் கழித்தால் வருவதை, முதலிலேயே போட்டுப் பார்க்கப் பழக்குகிறேன். இங்கே 7-இன் வர்க்கம் 49, 4 × 6 × (−12) என்பது −288, அதைக் கழிப்பதால் 49-உடன் 288 கூட்டினால் 337. 18-இன் வர்க்கம் 324, 19-இன் வர்க்கம் 361. முழு வர்க்கம் இல்லை என்றால் முழு எண்களில் காரணி கிடையாது, தேடவே வேண்டாம். சமன்பாடாக இருந்தால் நேரே இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்துக்குப் போய்விடலாம்.