வலி மாத்திரைக்குள் இருக்கும் போதை

கஞ்சாவையும் கள்ளச்சாராயத்தையும் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் வலி மாத்திரைகளைப் பற்றிப் பேசுவதில்லை. டிரமடால், டேப்பென்டடால் போன்றவை அறுவை சிகிச்சைக்குப் பின்னரும், மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத கடும் வலிக்கும் மருத்துவர்கள் எழுதித் தருபவை. அதே மாத்திரைகளைப் போதைக்காகக் கைமாற்றியவர்கள் பிடிபட்ட செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. மருந்துக் கடையில் வேலை பார்த்தவன் என்பதால், சீட்டு இல்லாமல் வந்து, வலி எங்கே என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இளைஞர்களை நான் அறிவேன்.

ஹெராயினும் இம்மாத்திரைகளும், அபினைப் போல மூளையில் வேலை செய்யும் ஓபியாய்டு என்னும் ஒரே வகையைச் சேர்ந்தவை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி, 2019இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் ஓபியாய்டு பயன்படுத்துகிறார்கள். அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. மருந்தாக விற்கப்படும் ஓபியாய்டுகளைத் தவறாகப் பயன்படுத்துவோர், அபினைப் பயன்படுத்துவோரைவிட அதிகம் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. டிரமடாலை 2018இல் அரசு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது.

இவ்வகை மருந்துகள் வலியை மட்டும் அடக்குவதில்லை. மூச்சை இயக்கும் மூளைப் பகுதியையும் மந்தமாக்குகின்றன. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்துவிட்டால் ஆழ்ந்து உறங்குபவரைப் போலக் கிடப்பவர் மூச்சு நின்று இறந்துவிடலாம் என்பதால், எழுப்பியும் எழாதவரை ‘தூங்கட்டும்’ என்று விட்டுவிடக் கூடாது. வாயால் விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையை ஊசியில் ஏற்றுவோருக்கு ஆபத்து இன்னும் பெரியது: அதில் சேர்க்கப்படும் கரையாத துகள்கள் நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கின்றன, ஊசியைப் பகிர்வதால் எச்.ஐ.வி.யும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸும் பரவுகின்றன.

பழகிய உடல் அதே போதைக்கு மேலும் மேலும் கேட்கும். நிறுத்தினால் உடல்வலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வாட்டும். அதைத் தாங்காமல் திரும்பவும் எடுப்பவனைக் குடும்பம் ஒழுக்கமற்றவன் என்று ஏசுகிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. அதைவிட அஞ்ச வேண்டியது மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களைத்தான். உடலின் தாங்கும் திறன் அதற்குள் குறைந்துபோயிருக்கும். பழைய நினைவில் பழைய அளவை எடுப்பவர் அந்த ஒரே முறையில் இறந்துபோக நேரலாம். வீட்டாரிடம் இதைத் தெளிவாகச் சொல்லி அனுப்பாத மையம், சிகிச்சையைப் பாதியில் விட்டதாகவே நான் கருதுவேன்.

புப்ரெனார்ஃபின் என்னும் மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் சிகிச்சை இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஆனால் அந்த மருந்து தவிப்பை அடக்கி, வேலைக்குப் போகும் நிலையில் மனிதனை வைத்திருக்கிறது, இறப்பையும் குறைக்கிறது. சில மாதங்களில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று அவசரப்படுத்துவதால்தான் பலர் மீண்டும் விழுகிறார்கள்.

காவல் நிலையத்துக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோருக்கு ஒன்று: சிறிய அளவுக்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்கு வந்தாலும், தாமே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவருக்கு 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்கு தருகிறது, சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கே செல்வது என்று தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.