ஒரே எஃப்ஐஆர், நாலு பேரு

கிரிமினாலஜி துறைல பிஎச்டி பசங்களுக்கு ரிசர்ச் மெத்தட்ஸ் எடுக்குறது என் வேலை. சட்டம், சைக்காலஜி, சோஷியல் வொர்க், ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு ஆளாளுக்கு ஒரு பக்கத்துல இருந்து வருவாங்க, தனித்தனியா விட்டா அவங்கவங்க சப்ஜெக்ட்லயே நின்னுடுவாங்க, அதனால பேரு ஊரெல்லாம் அடிச்சுட்டு ஒரே எஃப்ஐஆர் காப்பிய எல்லார் கைலயும் குடுத்துடுவேன்.

எஃப்ஐஆர்ல எட்டாவதா ஒரு இடம் இருக்கும், புகார் குடுக்க ஏன் லேட்டாச்சுன்னு எழுதுறது. பேச்சு சூடு பிடிக்கிறதே அங்கதான். ஒரு போக்சோ கேஸ்ல, அதாவது குழந்தைங்க மேல நடந்த பாலியல் குற்றத்துக்குப் போட்ட கேஸ்ல, குடும்பத்துல கலந்து பேசிட்டு வந்ததால தாமதம்னு ஒத்த வரி இருந்துச்சு. டிஃபென்ஸ் வக்கீல் மொதல்ல இதத்தான் புடிப்பாரு மேடம்னான் சட்டம் படிச்ச பையன். சைக்காலஜி பொண்ணு விடல, தெரிஞ்சவங்களே செஞ்ச கொடுமைய எத்தனையோ குழந்தைங்க உடனே வெளிய சொல்றதில்ல, லேட்டாகுறது சகஜம்தான், அத கோர்ட்ல யாரு எடுத்துச் சொல்றதுன்னு கேட்டா. சோஷியல் வொர்க் முடிச்சவங்க கேட்டது வேற, கலந்து பேசினதுன்னா யாரோட, அம்மாவோடயா இல்ல ஊர்ப் பெரியவங்களோடயா? அன்னிக்கு கிளாஸ் முழுக்க அந்தக் கேள்வியிலயே ஓடுச்சு. சமரசம் பேசிப் பாத்துட்டு ஸ்டேஷனுக்கு வந்தாங்களான்னு அந்த ஒத்த வரிய வச்சு சொல்லவே முடியாது, போய் விசாரிக்கணும்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பையன் கிளப்பினது இன்னும் பெருசு. நாடு முழுக்க குற்றக் கணக்கு எடுக்குற தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட (என்சிஆர்பி) ரிப்போர்ட்ல, ஒரு எஃப்ஐஆர்ல பல குற்றம் இருந்தா பெரிய குற்றம் மட்டும்தான் எண்ணிக்கைல வரும், கொலையும் திருட்டும் சேந்து இருந்தா திருட்டு கணக்குலயே இருக்காது. எஃப்ஐஆர் போடாம, புகார் வாங்கிக்கிட்டோம்னு சிஎஸ்ஆர் ரசீது மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்கன்னா சுத்தமா வராது. வாரண்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு லலிதா குமாரி வழக்குல 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஆனாலும் சிஎஸ்ஆரோட திரும்பி வர்றவங்கள நான் இன்னும் பாக்குறேன். அதனால ஒரு மாவட்டத்துல நம்பர் ஏறுச்சுன்னா குற்றம் ஏறுச்சுன்னும் இருக்கலாம், அங்க புகார ஒழுங்கா பதியிறாங்கன்னும் இருக்கலாம். இது தெரியாம டேபிள் போட்டு கிராஃப் வரைஞ்ச தீசிஸ் எத்தனையோ பாத்தாச்சு, வருத்தமா இருக்கும்.

இவ்வளவு பேசிட்டு தீசிஸ்னு வந்தா ஒரு கைடு, ஒரு துறைன்னு சுருங்கிடுது. வேற துறைல கோ-கைடு கேட்டா ஃபைல் மாசக்கணக்குல நகராது, பசங்களும் சலிச்சுப்போய் டாபிக்கையே சின்னதாக்கிக்கிறாங்க. குறைஞ்சபட்சம் தீசிஸ வச்சு நேர்ல கேள்வி கேக்குற வைவா போர்டுலயாவது சட்டத்துறை ஆள் ஒருத்தர், டேட்டா தெரிஞ்சவர் ஒருத்தர் கட்டாயம் இருக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கேன், அடுத்த போர்டு மீட்டிங்ல வருது.