ஹம்பிக்குப் புறப்படும் முன் வண்டிக்குச் செய்தவை

தை பிறந்து பொங்கல் முடிந்ததும் மதுரையிலிருந்து ஹம்பி வரை மோட்டார் சைக்கிளில் போய் வருவது என்று நானும் என் மைத்துனனும் முடிவு செய்திருக்கிறோம். திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு வரை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அங்கிருந்து சித்ரதுர்கா, பிறகு ஹம்பிக்குப் பக்கத்திலுள்ள ஹோஸ்பேட். போவதற்கு மட்டும் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஆகும். மதுரை நாயக்கர்கள் எந்த ஊரின் ஆட்சிக்குக் கட்டுப்பட்டு இங்கே வந்தார்களோ அந்த விஜயநகரத் தலைநகரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது மைத்துனனின் நெடுநாள் ஆசை. தினமும் திருமலை நாயக்கர் மகாலைக் கடந்து வேலைக்குப் போகிறவனுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. வண்டி என்னுடையது, 2016இல் வாங்கிய பல்சர் 150. அதைத் தயார் செய்தது பெரும்பாலும் என் பள்ளித் தோழன். அவன் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருக்கிறான். வண்டி மெக்கானிக் இல்லை என்றாலும், இரும்பு தேய்வது எப்படி என்று அவனுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரிந்த எந்த மெக்கானிக்குக்கும் தெரியாது.

கார்த்திகையிலேயே சர்வீஸ் விட்டு எடுத்தாகிவிட்டது என்று அவனிடம் சொன்னபோது, "சர்வீஸ் விட்டேன்னு சொல்லாத மாப்ள, எதெது மாத்துனாங்கன்னு சொல்லு" என்றான். பில்லில் ஆயில், வாட்டர் வாஷ், ஏர் ஃபில்டர் சுத்தம் செய்தது ஆகிய மூன்றும்தான் இருந்தன. ஊருக்குள் ஓடும் வண்டிக்கு அது போதும். கோரிப்பாளையம் சிக்னலிலும் பெரியார் நிலைய நெரிசலிலும் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதே அரிது. தேய்ந்த பாகம் எதுவும் அந்த வேகத்தில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. நெடுஞ்சாலையில் இரண்டு ஆள், இரண்டு பை, 70 கிலோமீட்டர் வேகம், இடைவிடாமல் இரண்டு மூன்று மணி நேரம் என்று ஆகும்போது ஊருக்குள் ஒளிந்திருந்த குறையெல்லாம் வெளியே வரும். அதை வீட்டு வாசலிலேயே வெளியே வரவைப்பதுதான் தயாரிப்பு என்பது அவன் கட்சி. அதற்காக அவன் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: புதிதாக மாட்டிய எந்தப் பாகத்தையும் ஓட்டிப் பார்த்து, மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்காமல் தொலைதூரம் போகக் கூடாது. பொங்கலை ஒட்டி ஸ்பேர்ஸ் கடையும் லேத் பட்டறையும் அடைத்துவிடுவார்கள், வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதால், மார்கழி தொடங்கியதுமே திருநகரில் அவன் வீட்டு வாசலில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டோம்.

முதலில் அவன் இன்ஜின் பக்கமே போகவில்லை. முன் சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிறுத்திவிட்டு, ஹேண்டில்பாரை ஒரே விரலால் மெல்ல இடமிருந்து வலமாகத் திருப்பினான். வழவழவென்று வந்த ஹேண்டில்பார் சரியாக நடுவில், அதாவது வண்டி நேராகப் போகும்போது இருக்கும் நிலையில், ஒரு நொடி தங்கிவிட்டுத்தான் நகர்ந்தது. என்னையும் திருப்பிப் பார்க்கச் சொன்னான். விரலுக்கு அது நன்றாகவே தெரிந்தது. கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்புவதற்காக வண்டிச் சட்டத்தின் கழுத்தில் இருக்கும் குண்டு பேரிங், போய்விட்டது என்றான். எப்போதும் நேராகவே ஓடும் வண்டியில், பள்ளத்திலும் வேகத்தடையிலும் விழும் ஒவ்வொரு அடியும் அதே இடத்தில் நிற்கும் குண்டுகள் வழியாகக் கிண்ணத்தில் இறங்குவதால், நாளடைவில் அந்த இடத்தில் மட்டும் குழி விழுகிறது. பிரித்து எடுத்து மண்ணெண்ணெயில் கழுவிய பிறகு, கிண்ணத்தின் உள்வட்டத்தில் பணியாரச் சட்டியைப் போல வரிசையாகக் குழிகள் பளபளவென்று இருந்ததைப் பார்த்தேன். ஊருக்குள் இது ஒன்றும் செய்யாது. நெடுஞ்சாலை வேகத்திலோ, ஹேண்டில்பார் அந்தக் குழியிலேயே உட்கார்ந்துகொள்வதால் நேராகப் போவதற்குத் தேவையான சின்னச் சின்னத் திருத்தங்களை அது தாமதமாக ஏற்கும். வண்டி பாம்பாக நெளிவதுபோல் தோன்றும். ஓட்டுகிறவர் காற்றின் மீதும் டயரின் மீதும் பழியைப் போடுவார்.

புதிய கோன் செட்டை மாட்டுவதில் இறுக்கம்தான் சூட்சுமம். அதிகம் இறுக்கினால் ஹேண்டில்பார் கனத்துப் போய், திருப்பிய பிறகு தானாக நேராக வராது. தளர்வாக விட்டால் முன் பிரேக்கைப் பிடிக்கும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அவன் நட்டை இறுக்கிவிட்டு, முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பான். பிறகு ஹேண்டில்பாரைத் தட்டிவிட்டு அது தன் எடையில் ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று பார்ப்பான். மறுபடியும் நட்டுக்கே வருவான். இதிலேயே ஒரு மாலை போயிற்று. புதிய கிண்ணங்கள் சட்டத்துக்குள் ஓடி உட்கார உட்கார மறுபடி தளரும், ஆகவே ஓட்டிவிட்டு வந்து இன்னொரு முறை இறுக்கியே ஆக வேண்டும் என்றான்.

செயினைப் பார்க்க அவன் அளவுகோல் எதுவும் எடுக்கவில்லை. பின் ஸ்பிராக்கெட்டின், அதாவது செயின் ஓடும் பின் பல்சக்கரத்தின், கடைசி விளிம்பில், பல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் செயினை இரண்டு விரலால் பின்னுக்கு இழுத்தான். புதிய செயின் அசையாது. என்னுடையது பாதிப் பல் தெரியும்படி எழும்பி வந்தது. முன் ஸ்பிராக்கெட்டின் மூடியைக் கழற்றினால் பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கொக்கி போல நின்றன. செயினை மட்டும் மாற்றினால் பழைய பற்கள் அதைச் சீக்கிரமே தின்றுவிடும் என்பதால் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்ந்த செயின் செட்டாகவே மாற்றினோம். சக்கரத்தைக் கழற்றிய கையோடு சக்கரத்துக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் இடையே குலுக்கலைத் தாங்கும் ஹப் ரப்பர்களையும் பார்த்தான். அவை நசுங்கிச் சுருங்கியிருந்ததால் ஆக்சிலேட்டரைத் திருகும்போதெல்லாம் ஸ்பிராக்கெட் சற்று முன்பின் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. கியர் மாற்றும்போது வந்த குலுக்கலுக்கு நான் கிளட்ச் பிளேட்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். நூற்றுச் சொச்ச ரூபாய் ரப்பரில் அது சரியாகிவிட்டது.

செயினின் தளர்ச்சியை வைப்பதிலும் அவன் பட்டறைகளின் வழக்கத்துக்கு எதிரான ஆள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீள்வதில்லை என்பதால், சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேதான் தளர்ச்சியை அளந்தான். அதுவும் என்னையும் மைத்துனனையும் வண்டியில் உட்காரவைத்துவிட்டு அளந்தான். ஆள் ஏறிப் பின்பக்கம் தாழும்போது செயின் மேலும் இறுகும். அந்த இறுக்கம் கியர்பாக்ஸ் பேரிங்கைத்தான் இழுக்கும். சற்றுத் தொங்கினாலும் குற்றமில்லை, வீணைக் கம்பியாக நிற்கக் கூடாது என்றான். கழுவ மண்ணெண்ணெய், பூச 90 ஆயில் என்னும் கெட்டியான கியர் ஆயில். அதுவும் ஓட்டி நிறுத்திச் செயின் சூடாக இருக்கும்போது, உள்பக்கமாக.

பிரேக்கைப் பொறுத்தவரை என் மனத்தில் இருந்தது தொப்பூர்க் கணவாய்தான். போகும்போது சேலத்திலிருந்து தர்மபுரிக்கு ஏற்றம். திரும்பும்போது அதே கணவாய் நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளின் மேல் மோதும் விபத்துகளுக்குப் பெயர்போன இடம் அது. டிஸ்க் பிரேக்கின் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 என்று குறிக்கப்பட்ட புதிய ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையேனும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பின் அதற்கு வகுத்திருக்கும் வரம்பு 155 டிகிரி. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் உள்ளே ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகி, லீவர் கைப்பிடி வரை போயும் வண்டி நிற்காது. என் வண்டியில் ஆயில் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. அதை மாற்றி, குமிழ் வருவது நிற்கும்வரை பிளீட் செய்து, அதாவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, முன் பேடையும் பின் பிரேக் ஷூவையும் புதிதாகப் போட்டோம். ஆனாலும் இறக்கத்தில் மூன்றாம் கியரில் இன்ஜினைக் கொண்டே வண்டியைப் பிடித்து வர வேண்டும், பிரேக் என்பது அதற்கு மேல்தான் என்பதை அவன் இரண்டு முறை சொன்னான்.

பின் டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகள், தேய்ந்து எச்சரிக்கை மேடுகளோடு சமமாகிவிட்டிருந்ததால் மாற்றினோம். வாங்கும்போது கடைக்காரர் எடுத்து வைத்த முதல் டயரை அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அந்த டயர் கடையில் பல ஆண்டுகள் தூங்கியது. புதிய டயரின் மேல்தோல் வழுக்கும் என்பதும், ஓட்டிச் சற்றுச் சொரசொரப்பாக ஆகும்வரை சாய்த்துத் திருப்பக் கூடாது என்பதும், பிரேக் ஷூவும் ஓடித்தான் டிரம்மோடு பொருந்தும் என்பதும், புறப்படும் முந்தின நாள் மாலை வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்து மறுநாள் விடியலில் கிளம்பும் பழக்கம் எத்தனை தவறானது என்பதை எனக்குத் தெளிவாக்கின.

இன்ஜினில் பெரிய வேலை இல்லை. இந்த வண்டிக்கு ஸ்பார்க் பிளக் இரண்டு. இரண்டையும் கழற்றிப் பார்த்ததில் முனை வெளிறிய பழுப்பாக, எரிதல் சரியாக இருப்பதாகக் காட்டியது. குளிர்ந்த இன்ஜினில் டேப்பட், அதாவது வால்வுகளின் இடைவெளி, வைத்தோம். ஆயில் மட்டும், ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கியது; காருக்கான சில ஆயில்களில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் பொருள் பைக்கின் கிளட்சை வழுக்கவிட்டுவிடும்.

கிளட்ச் கேபிளுக்கு அவன் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பழைய கேபிளையே விட்டுவிட்டு, புதிய கேபிள் ஒன்றை அதன் பக்கத்திலேயே, அதே வளைவுகளில் ஓட்டி, இரு முனைகளையும் பிளாஸ்டிக்கால் சுற்றி, டேக்கால் கட்டிவிட்டான். வழியில் அறுந்தால் டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டு முனையையும் மாட்டினால் போதும். மழையிலும் சித்ரதுர்கா ஓரத்து இருட்டிலும் இதைச் செய்ய முடியுமா என்று என்னைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக் காட்டச் சொன்னான். கூடுதல் ஃபாக் லைட் வேண்டும் என்ற மைத்துனனின் கோரிக்கையை மட்டும் அவன் ஏற்கவில்லை. பழைய ஒயரிங்கில் புதிய ஒட்டுப் போட்டால் வழியில் கெடப்போவது அந்த ஒட்டுத்தான் என்றான். நானும் அவன் பக்கம்தான். ஹேண்டில்பாரில் மாட்டும் செல்போன் ஸ்டாண்டையும் கழற்றிவிட்டேன். மோட்டார் சைக்கிளின் அதிர்வு கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது.

சோதனை ஓட்டத்துக்குச் சிறுமலையைத் தேர்ந்தெடுத்தோம். உண்மையில் எடுத்துப் போகப்போகும் பைகளையே கட்டிக்கொண்டு, மைத்துனனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, நத்தம் சாலையின் ஏழு கிலோமீட்டர் பறக்கும் பாலத்தில் ஏறி, நத்தம் போய், அங்கிருந்து திண்டுக்கல் சாலையில் பிரிந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கி, நான்குவழிச் சாலையில் வாடிப்பட்டி வழியாகத் திரும்பினோம். பாலத்தின் மேல் பக்கக் காற்றிலும் ஹேண்டில்பார் நேராக நின்றது. வெளிப்பட்டவை வேறு. பின்னால் ஆளும் பாரமும் ஏறியதும் ஹெட்லைட் மேல்நோக்கிப் போய் எதிரே வந்தவர்கள் எல்லாம் டிம் டிம் என்று விளக்கடித்தார்கள். ஒரு பையின் வார் சைலன்சரை உரசி லேசாகக் கருகியிருந்தது. பின் ஷாக் அப்சர்பர் ஒவ்வொரு பள்ளத்திலும் அடி வாங்கியது. ஸ்பிரிங்கை இரண்டு படி ஏற்றியதும் ஷாக்கும் ஹெட்லைட்டும் சேர்ந்தே சரியாயின. அவன் எதிர்பார்த்தபடி கோன் செட் கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. புதிய செயினும் சற்று நீண்டிருந்தது. இரண்டையும் இறுக்கியபோது அவன் முகத்தில் இருந்த நிறைவை நான் குறிப்பிடாமல் விட முடியாது.

எடுத்துப் போகும் கருவிகள் ஒரு சிறிய துணிப்பைக்குள் அடங்கிவிட்டன: இந்த வண்டியின் நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர்கள் மட்டும், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டியூப்லெஸ் பஞ்சர் கிட், கைப்பம்பு, ஃபியூஸ், அறுந்த செயினை இணைக்கும் ஒரு செயின் லாக், கட்டுக்கம்பி. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்போன் சார்ஜ் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று நகலும் எடுத்துக்கொண்டோம். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பொதுவாக இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. ஓரத்து வழியில் போய்விடலாம்.

தோழனுக்கு விடுப்பு இல்லாததால் அவன் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்திருக்கிறான். முதல் நிறுத்தம் கரூர். அங்கே தேநீருக்கு இறங்கியதும், வேறெதையும் பார்க்கும் முன், பின் பிரேக் டிரம்மின் மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் புதிய ஷூ ஒட்டிக்கொண்டே ஓடுகிறது என்று பொருள். பிரேக் ராடின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுக் கிளம்ப வேண்டும். "சுட்டாலும் சுடலைன்னாலும் எனக்குப் போன் போட்டுட்டுத்தேன் டீ குடிக்கணும்" என்று சொல்லியிருக்கிறான்.